எதிர்க்கட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

2017 நவம்பர் 15, புதன்கிழமை காலை. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் அமைச்சரவைக் கூட்டம். முதல்வர் பினராயி விஜயன் வந்துவிட்டார், மற்றவர்களும் வந்துவிட்டார்கள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியான சிபிஐயின் நான்கு அமைச்சர்களை மட்டும் காணோம். அவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. அதே தலைமைச் செயலகத்தில், வருவாய்த் துறை அமைச்சர் இ. சந்திரசேகரனின் அறையில் நால்வரும் கூடியிருந்தார்கள். ஆலப்புழையில் தன் ரிசார்ட்டுக்காகக் காயல் நிலத்தை ஆக்கிரமித்தார் என்ற புகாரில் சிக்கியிருந்தவர் போக்குவரத்து அமைச்சர் தாமஸ் சாண்டி. அவர் கூட்டத்துக்கு வந்தால் நாங்கள் வர மாட்டோம் என்று முதல்வருக்குக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சாண்டி தேசியவாத காங்கிரஸ்காரர். அந்தக் கட்சியும் ஆளும் இடது முன்னணியில்தான் இருந்தது. அன்றைக்கே அவர் ராஜினாமா செய்தார்.

இத்தனைக்கும் காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் இதே கோரிக்கையோடு வாரக்கணக்கில் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தன. மாவட்ட ஆட்சியரின் அறிக்கை சாண்டிக்கு எதிராக வந்திருந்தது. முந்தைய நாள்தான் உயர் நீதிமன்றம், அமைச்சராக இருந்துகொண்டே அரசுக்கு எதிராக வழக்குப் போடுவதா என்று கடிந்துகொண்டு அவர் மனுவைத் தள்ளியிருந்தது. எதற்கும் அசையாதவர், பக்கத்து அறையில் நான்கு பேர் உட்கார்ந்ததும் கிளம்பிவிட்டார்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் போடிநாயக்கனூர். வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். சர்வீஸ் முழுக்க ஜாயின்ட் கவுன்சிலில் இருந்தவர். அதாவது சிபிஐ சார்பு ஊழியர் சங்கம். அவர் வாசலில் தினமும் சிபிஐ பத்திரிகை ஜனயுகம் விழும். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்.ஜி.ஓ. யூனியன், அதாவது சிபிஎம், பினராயியின் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி. அங்கே அந்தக் கட்சியின் தேசாபிமானி. இருவரும் காலையில் மதில்மேல் பத்திரிகையை மாற்றிக்கொள்வார்கள். படித்து முடித்ததும் சண்டை ஆரம்பமாகும். காங்கிரஸைத் திட்ட அவர்களுக்கு நேரமே இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் ஓனர் உற்சாகமாக இருந்தார். "பார்த்தியா தம்பி, பத்தொன்பது பேரை வெச்சுக்கிட்டு உங்களால என்ன செய்ய முடியும்னு கேட்டாங்களே, இப்ப என்னாச்சு?" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி என்னிடம் சொன்னார். பதில் உடனே வந்தது: "சாருக்குப் பிரேக் மட்டும்தான் போடத் தெரியும். வண்டியை ஓட்டுறது நாங்க."

இருவரும் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். கேரளத்து இடது கூட்டணியைப் பற்றி நான் படித்ததில் பாதியாவது அந்தப் பிரேக் பேச்சில் அடங்கிவிடும் என்று இன்றும் நினைக்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2016-இல் 140 பேர் சட்டமன்றத்தில் இடது முன்னணிக்கு 91. அதில் சிபிஐ 19. அந்த 19-ஐக் கழித்தாலும் 72 மிஞ்சும். பெரும்பான்மைக்கு 71 போதும். சிபிஐ வெளியே போயிருந்தால்கூட பினராயி அரசு அன்று கவிழ்ந்திருக்காது. 2021-இல் இன்னும் வசதி: 99-இல் 17 போனாலும் 82. ஆனாலும் 2025 அக்டோபரில், மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கேரளக் கல்வித் துறை கையெழுத்திட்டபோது, சிபிஐ அமைச்சர்கள் மறுபடியும் அமைச்சரவைக் கூட்டத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். திட்டத்தை நிறுத்திவைத்து, ஆராய்வதற்கு அமைச்சரவைத் துணைக்குழு ஒன்றைப் போட வேண்டியதாயிற்று. ஆகவே இது தலையை எண்ணுகிற விஷயமாகத் தெரியவில்லை. அடுத்த தேர்தல் பற்றிய பயம் இருக்கிறது. 2011-இல் ஐக்கிய ஜனநாயக முன்னணி 72, இடது முன்னணி 68 என்று நான்கே இடத்தில் ஆட்சி கைமாறியது யாருக்கும் மறக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. சிபிஎம் செய்வதை "இது இடதுசாரி காரியமே இல்லை" என்று காங்கிரஸ் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள். அதையே சிபிஐ சொன்னால் கட்சிக் கிளைக் கூட்டங்களில் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கும்போது இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். நமக்குக் கூட்டணி என்றால் தொகுதிப் பங்கீடு. அறிவாலயத்திலோ ராயப்பேட்டையிலோ இரண்டு நாள் இழுபறி, அப்புறம் சால்வை. ஓட்டு எண்ணி முடித்ததும் கூட்டாளிக்கு வேலை முடிந்துவிடும். 2006-இல் திமுகவுக்கு 96 இடம்தான் கிடைத்தது. கையில் 34 வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்றுதான் ஐந்து வருடம் ஆதரவு கொடுத்தது. கேரளத்து முன்னணியில் ஒற்றை எம்.எல்.ஏ. கட்சியைக்கூட அப்படி லேசில் வெளியே நிறுத்திவைக்க முடியாது. 2021-இல் ஒற்றை எம்.எல்.ஏ. கட்சிகள் நான்குக்கு இரண்டு மந்திரி நாற்காலியைப் பங்கு போட்டார்கள்: முதல் இரண்டரை வருடம் இருவர், அடுத்த இரண்டரை வருடம் வேறு இருவர். 2023 டிசம்பரில் சொன்னபடியே அகமது தேவர்கோவிலும் ஆன்டனி ராஜுவும் இறங்க, கடன்னப்பள்ளி ராமச்சந்திரனும் கணேஷ் குமாரும் ஏறினார்கள். ரோட்டேஷன் முறையில் மந்திரி என்று நாம் கேலி செய்யலாம். வாக்குக் கொடுத்தபடி நாற்காலி கைமாறியதை நான் அப்படிக் கேலியாகப் பார்க்கவில்லை.

இந்தப் பழக்கம் நல்ல மனசால் வந்ததில்லை, அடிபட்டு வந்தது. 1957-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அரசையே எடுத்துக்கொள்ளுங்கள். 126-இல் கட்சிக்கு 60 இடம். கட்சி ஆதரித்து வென்ற ஐந்து சுயேச்சைகள் சேர்ந்துதான் பெரும்பான்மை. வி.ஆர். கிருஷ்ணய்யர், டாக்டர் ஏ.ஆர். மேனன் போன்றவர்கள் கட்சிக்கு வெளியிலிருந்து வந்த அமைச்சர்கள். 1959 ஜூலை 31-இல் டெல்லி அந்த அரசைக் கலைத்தது. அடுத்த வருடத் தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் ஓட்டு 35 சதவீதத்திலிருந்து 39-க்கு ஏறியது. இடமோ 29-ஆகச் சரிந்தது. காரணம், காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் எதிரே ஒன்றாக நின்றதுதான். ஓட்டு ஏறினாலும் தனியாக நின்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கேரளத்து இடதுசாரிகளுக்குப் புரிந்த வருடம் 1960.

அந்தப் பாடத்தை அவர்கள் மிச்சம் வைக்காமல் கற்றுக்கொண்டார்கள். 1964-இல் கட்சி இரண்டாக உடைந்தும், 1967-இல் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் ஒரே முன்னணியில் நின்றன. கூடவே புரட்சிகர சோஷலிஸ்ட் கட்சியான ஆர்.எஸ்.பி., வேறு இரண்டு சோஷலிஸ்ட் கட்சிகள், முஸ்லிம் லீக், அப்புறம் கர்ஷகத் தொழிலாளி பார்ட்டி. இந்தக் கடைசிக் கட்சிக்குப் பின்னால் இருந்த வடக்கன் பாதிரியார், 1959-இல் கம்யூனிஸ்ட் அரசைக் கவிழ்க்க நடந்த விமோசன சமரத்தில் முன்வரிசையில் நின்றவர்! எட்டு வருடத்தில் அவர் கட்சிக்காரர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில். காங்கிரஸ் ஒன்பது இடத்தில் சுருண்டது. சப்தகட்சி முன்னணி என்று பெயர். ஏழு கட்சிகளுக்கும் பொதுவாக இருந்தது காங்கிரஸ் எதிர்ப்பு ஒன்றுதான்; காங்கிரஸ் ஒன்பதாகிவிட்ட பிறகு அதுவும் எத்தனை நாளைக்கு வரும்? மந்திரிசபையில் இருந்துகொண்டே தெருவில் போராடுவதை, 'பரணமும் சமரமும்' என்று, சிபிஎம் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தது. கூட்டாளிகளுக்கு அது கொள்கையாகப் படவில்லை, இடைஞ்சலாகப் பட்டது. ஊழல் புகார்களில் யார்மீது விசாரணை, யார்மீது இல்லை என்பதில் தகராறு முற்றி, 1969 அக்டோபரில் ஈ.எம்.எஸ். ராஜினாமா செய்தார்.

அந்த மந்திரிசபையில்தான் கே.ஆர். கௌரியும் டி.வி. தாமஸும் இருந்தார்கள். 1957 மந்திரிசபையிலும் இருவரும் அமைச்சர்கள். பதவியேற்ற வருடமே கல்யாணமும் செய்துகொண்டவர்கள். கட்சி உடைந்தபோது கௌரி சிபிஎம்முக்கும் தாமஸ் சிபிஐக்கும் போனார்கள். 1967-இல் மனைவிக்கு வருவாய்த் துறை, கணவருக்குத் தொழில் துறை. இரண்டு கட்சியின் பிரதிநிதிகளாக ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். அரசு ஒதுக்கிய பங்களாக்கள் அடுத்தடுத்து இருந்தன, நடுவில் மதிலில் ஒரு வழி இருந்தது, கட்சிகளின் உறவு கசந்தபோது அந்த வழியும் அடைபட்டது என்று திருவனந்தபுரத்தில் வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். என் ஓனர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கட்சியை விட்டிருக்கலாம் என்பாரா, கல்யாணத்தை விட்டிருக்கலாம் என்பாரா என்று நான் காத்திருப்பேன். இரண்டையும் சொல்ல மாட்டார். அவர் மனைவிதான் உள்ளேயிருந்து, "ரெண்டு பேர்ல சமையல் யாருன்னு கேளு தம்பி" என்பார்.

இந்தச் சண்டையில் நஷ்டம் மட்டும்தான் என்று நினைத்தால் நிலச்சீர்திருத்தத்தைப் பார்க்க வேண்டும். 1957-இல் பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 11-ஆம் தேதி, குடியானவர்களை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார்கள். முழுச் சட்டம் 1959-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது, அரசே கலைந்தது. காங்கிரஸ் காலத்தில் 1963-இல் நீர்த்துப்போன ஒரு சட்டம் வந்தது. 1967 அரசில் கௌரி கொண்டுவந்த திருத்தம் 1969-இல் நிறைவேறியது, அந்த அரசும் போனது. அதன் பிறகு 1969 நவம்பர் 1-இல் சிபிஐயின் சி. அச்சுத மேனன் முதல்வரானார். டெல்லியில் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவரை வரவழைத்தார்கள். வெளியிலிருந்து காங்கிரஸின் ஆதரவு, உள்ளே லீக் முதலிய கட்சிகள். சிபிஎம் எதிர்க்கட்சி. 1970 ஜனவரி 1 முதல் அந்தத் திருத்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இந்த அச்சுத மேனன். கேரளத்தில் ஜன்மி முறை, அதாவது நிலப்பிரபு முறை, அன்றோடு முடிந்தது.

சட்டம் அமலானதோடு கதை முடியவில்லை. அதே ஜனவரியில் ஏ.கே. கோபாலன் தலைமையில் சிபிஎம் தெருவில் இறங்கியது. ஜன்மியின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்குச் சட்டம் ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகரில் 3 சென்ட் என்று சொன்னது. அதிகாரி வந்து அளந்து கொடுக்கும்வரை யார் காத்திருப்பது? குடிசையைச் சுற்றித் தாங்களே 10 சென்டை வேலி கட்டினார்கள், அதற்குள் நின்ற தென்னையில் தாங்களே தேங்காய் பறித்தார்கள். ஆலப்புழைப் பக்கம் இது பெரிய போராட்டம். போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது, கைதுகள் நடந்தன. அச்சுத மேனன் அரசின் போலீஸ்தான். ஆனால் நிலம் காகிதத்திலிருந்து கைக்கு வந்தது. சட்டத்தை அமல்படுத்தியது ஒரு கம்யூனிஸ்ட் கட்சி, அமல்படுத்தியதாகச் சொன்னதை நிஜமாகவே செய்யவைத்தது இன்னொன்று. இரண்டும் ஒரே கட்சியாக இருந்திருந்தால் இத்தனை வேகம் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பெருமை யாருக்கு என்பதில் ஐம்பது வருடம் கழித்தும் அவர்களுக்குள் பேச்சு முடியவில்லை. 2020 ஜனவரியில் நிலச்சீர்திருத்தத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் பினராயி விஜயன் ஈ.எம்.எஸ்.ஸையும் கௌரியையும் சொன்னார், அச்சுத மேனன் பெயரைச் சொல்லவில்லை. சிபிஐ மாநிலச் செயலாளர் கானம் ராஜேந்திரன் பகிரங்கமாகக் கண்டித்தார், ஜனயுகம் தலையங்கம் எழுதியது. எங்கள் மதிலில் ஒரு வாரம் பத்திரிகை மாற்றல் நின்றுபோனது. ஓனர் என்னிடம் ஜனயுகத்தை நீட்டி, "மலையாளம் படிக்கத் தெரியும்ல, படி" என்றார். எனக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் தெரியும். அவரே உட்கார்ந்து வாசித்துக் காட்டினார்.

அச்சுத மேனனைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. 1970 முதல் 1977 வரை நீடித்து, ஆயுள் முழுவதும் ஆண்ட முதல் கேரள அரசு அவருடையது. கெல்ட்ரான், கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையம், எம்.என். கோவிந்தன் நாயரின் லட்சம் வீட்டுத் திட்டம் எல்லாம் அந்தக் காலத்தவை. ஆனால் கூட்டணியில் போலீஸ் துறை காங்கிரஸின் கே. கருணாகரன் கையில். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச் 1-இல், கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்பா ஈச்சர வாரியர் ஏறி இறங்காத படியில்லை. தேர்தலுக்குப் பிறகு முதல்வரான கருணாகரன், நீதிமன்றத்தில் விஷயம் வெளிவந்ததும் ஒரு மாதத்தில் பதவி விலக வேண்டிவந்தது. அச்சுத மேனனை நேர்மையானவர் என்று எதிரிகளும் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் முதல்வர் அவர். "உள்துறை கூட்டாளியிடம் இருந்தது" என்பது கூட்டணிக் கணக்கில் சரியான பதில். பிள்ளையைத் தேடி வந்த அப்பாவுக்கு அது பதிலே கிடையாது. இங்கே பிரேக் போட வேண்டிய இடத்தில் சிபிஐ போடவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் என் ஓனர் காப்பி கொண்டுவரச் சொல்வார்.

1978-இல் சிபிஐ காங்கிரஸ் உறவை முறிக்கத் தீர்மானித்தது. அடுத்த வருடம் அந்தக் கட்சியின் முதல்வர் பி.கே. வாசுதேவன் நாயர் பதவியை விட்டார். 1980-இல் நாம் இன்று பார்க்கிற இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்கு வந்தது, சிபிஎம்மின் நாயனார் முதல்வர். அந்த முன்னணியில் காங்கிரஸ்காரரான ஏ.கே. ஆன்டனியும் கேரள காங்கிரஸின் கே.எம். மாணியும்கூட இருந்தார்கள் என்றால் இன்றைய பையன்கள் நம்ப மாட்டார்கள். 1981 அக்டோபரில் அவர்கள் போனார்கள், அரசும் போனது. பிறகு கருணாகரன் சபாநாயகர் ஏ.சி. ஜோஸின் காஸ்டிங் வோட்டை வைத்து மூன்று மாதம்கூடத் தாண்டாமல் ஓட்டினார், ஒரு எம்.எல்.ஏ., லோனப்பன் நம்பாடன், ஆதரவை விலக்கியதும் சாய்ந்தது. அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முன்னணி என்று 2021 வரை மாறி மாறி வந்தது தெரிந்த கதை.

மாணியை மட்டும் ஒரு வரியில் விட முடியாது. 1965 முதல் 2019-இல் இறக்கும்வரை பாலா தொகுதி அவருடையது. "வளர வளரப் பிளரும், பிளரப் பிளர வளரும்" (பிளரும் என்றால் பிளவுபடும்) என்று தன் கட்சியைத் தானே வர்ணித்தவர். 2015 மார்ச் 13-இல் அவர் பட்ஜெட் வாசிக்கக் கூடாது என்று இடதுசாரி எம்.எல்.ஏ.க்கள் சபாநாயகரின் நாற்காலியையே தூக்கி எறிந்தார்கள். நிதியமைச்சராக இருந்த அவர் மதுக்கூட முதலாளிகளிடம் லஞ்சம் வாங்கினார் என்று புகார். ஐந்தே வருடம், 2020-இல் அவர் மகன் ஜோஸ் கே. மாணி தலைமையில் அந்தக் கட்சி இடது முன்னணிக்குள் வந்தது. 2021-இல் அமைந்த அரசில், நாற்காலி வழக்கில் குற்றம்சாட்டப்பட்டிருந்த வி. சிவன்குட்டி கல்வி அமைச்சர், மாணி கட்சியின் ரோஷி அகஸ்டின் நீர்வளத் துறை அமைச்சர். ஒரே மேசை. இதைச் சொல்லி நான் சிரித்தபோது இரண்டு மதில்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து என்னை முறைத்தார்கள். அவர்கள் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

இனி மூணாறு. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். போடிமெட்டு ஏறினால் கேரளம்; எங்கள் ஊரில் மூணாறு எஸ்டேட்டில் உறவு இல்லாத வீடு குறைவு. தேவிகுளம் தொகுதிக்குக் கம்யூனிஸ்ட் கட்சியோடு உள்ள பந்தம் 1957-இலேயே தொடங்கியது. அந்தத் தேர்தல் செல்லாது என்றானதும் 1958-இல் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸ் மறுபடி ஜெயித்தார். பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறிப் போய்த் தமிழ்த் தொழிலாளர்களிடம் பாடி ஓட்டுக் கேட்டது அந்தத் தேர்தலில்தான். இளையராஜாவின் அண்ணன் என்று சொன்னால் இன்று எல்லோருக்கும் தெரியும்.

பாட்டுக் கேட்டு ஓட்டுப் போட்டவர்களுக்கு நிலச்சீர்திருத்தத்தில் என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. சட்டத்தின் 81-ஆம் பிரிவு தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்குக் கொடுத்தது. ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, தோட்டத்தைத் துண்டுபோட்டால் தொழில் படுத்துவிடும் என்று காரணங்கள் உண்டு. எல்லாமே அபத்தம் என்று சொல்ல மாட்டேன். 1971-இல் அச்சுத மேனன் அரசு தனிச் சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலையின் உபரி நிலத்தை எடுத்துக்கொண்டது, உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. தோட்டம் தோட்டமாகவே கம்பெனியிடம் நின்றது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒருவரை ஒருவர் மதில்மேல் ஏறித் திட்டிய இரண்டு கட்சிகளும், தோட்டத் தொழிலாளிக்குக் காலடி மண் என்பதில் முட்டிக்கொண்டதாக நான் படித்ததில்லை.

மூணாற்று நிலத்துக்காக அவர்கள் முட்டிக்கொள்ளாமல் இல்லை, அதைச் சொல்ல வேண்டும். 2007-இல் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் மூன்று அதிகாரிகளை அனுப்பி ஆக்கிரமிப்புக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார். ஜேசிபி ரிசார்ட்டுகளை இடித்தபோது ஊரே கைதட்டியது. மூணாறு சிபிஐ ஆபீசின் முகப்பில் கைவைத்ததும் சிபிஐ கொதித்தது, வேட்டை படுத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 2017-இல், நாடகம் அப்படியே தலைகீழ். தேவிகுளம் சப் கலெக்டர் ஆக்கிரமிப்பை அகற்றக் கிளம்பினார். வருவாய்த் துறை வைத்திருந்த சிபிஐ அவர் பக்கம், சிபிஎம் எதிர்ப்பக்கம். இரண்டு தடவையும் பேச்சு ரிசார்ட், பட்டா, கட்சி ஆபீஸ் பற்றியது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

என் சித்தி மகள், எனக்கு அக்கா முறை, மூணாறுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தாள். லயத்தில் அவள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் திண்ணை. மூன்று பிள்ளைகள். 58 வயதில் வேலை முடிந்தால், பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தாலொழிய வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்போது ஒரு நாளைக்கு 21 கிலோ எடுத்தால் கூலி. அதற்கு மேல் எடுப்பதற்குக் கிலோ கணக்கில் சில்லறை. 2015-இல் அந்தக் கூலி 232 ரூபாய். போனஸைக் குறைத்தபோதுதான் பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள்.

அந்த செப்டம்பரில் மூணாறு டவுனில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். கம்பெனியை எதிர்த்ததில் புதுமை இல்லை. சங்கங்களை எதிர்த்தார்கள், அதுதான் கேரளத்தைத் தூக்கிவாரிப் போட்டது. சிபிஎம்மின் சிஐடியு, சிபிஐயின் ஏஐடியுசி, காங்கிரஸின் ஐஎன்டியுசி மூன்றின் தலைவர்களையும் கிட்டே வர விடவில்லை. தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரன், சிபிஎம்காரர், அவர்கள் மொழியே பேசுகிற தமிழர். அவரையும் திருப்பி அனுப்பினார்கள். "எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினா என்ன தம்பி, கையெழுத்துப் போடுறப்ப மூணு பேருக்கும் ஒரே பேனாதான்" என்றாள் அக்கா போனில். பின்னணியில் கோஷச் சத்தம். 91 வயது அச்சுதானந்தன் வந்து, அவர்களோடு உட்கார்ந்தார். அவரை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். 20 சதவீத போனஸ் கிடைத்தது.

அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸின் உம்மன் சாண்டி. பேச்சுவார்த்தை நடத்திய தொழிலாளர் அமைச்சர் ஷிபு பேபி ஜான் ஆர்.எஸ்.பி.; 1967-இல் ஈ.எம்.எஸ்.ஸோடு இருந்து, 2014-இல் கொல்லம் மக்களவைத் தொகுதி கிடைக்கவில்லை என்று எதிர் முன்னணிக்குப் போன அதே இடதுசாரிக் கட்சி. ஆக, மூணாறு மேசையில் எல்லா வண்ண இடதுசாரியும் இருந்தார்கள். 500 ரூபாய் கூலி கேட்டதைத் தோட்டத் தொழிலாளர் குழுவுக்கு விட்டார்கள். அங்கே பதிவுபெற்ற சங்கங்களுக்குத்தான் நாற்காலி, பெண்களுக்கு இல்லை. அக்டோபரில் 301 என்று முடிந்தது. 2017-இல் சிபிஎம் அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களின் போராட்டத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசி, அவர்கள் மறுபடி மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அதற்காகச் சிபிஐ அமைச்சர்கள் யாரும் பக்கத்து அறையில் கூடியதாகச் செய்தி இல்லை.

முன்னணிக்குள் ஒரு கட்சி, கட்சிக்கு ஒரு அறை, அறையில் நான்கு பேர் இருந்தால் காயல் ரிசார்ட்டும் பள்ளித் திட்டமும் நின்றுவிடும் என்று கண்ணால் பார்த்தவன் நான். அதனால்தான் மூணாறு எனக்கு அதிகமாக உறுத்துகிறது. 2016 தேர்தலில் தேவிகுளத்தில் யார் ஜெயித்தது? பெண்கள் திருப்பி அனுப்பிய அதே ராஜேந்திரன். 2021-இலும் சிபிஎம்தான், புது எம்.எல்.ஏ. ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார், வாசகத்தில் பிழை என்று இரண்டாவது முறை எடுக்க வைத்தார்கள். அக்காவிடம் கேட்டேன், அந்த வெயிலில் உட்கார்ந்து கத்திவிட்டு எப்படி அதே அருவாள் சுத்தியலுக்குக் குத்தினீர்கள் என்று.

"வேற யாருக்குப் போடச் சொல்ற?" என்றாள். "கட்சி பெருசா பேசுறது டவுன்ல. இங்க ரேஷன் கார்டுல பேர் விட்டுப்போனா தாலுகா ஆபீசுக்குக் கூட வர்றது யாரு, ராத்திரி நெஞ்சு வலின்னா ஜீப்பு பிடிச்சு அடிமாலிக்குக் கொண்டுபோறது யாரு? அந்தச் சங்கத்துப் பையன்தான். அவனையும்தான் அன்னைக்கு விரட்டிவிட்டோம். மறுவாரம் கூலிச் சீட்டு பார்த்துக் கொடுக்கத் திரும்ப வந்துட்டான்."